கன்சோல் நிரலிலிருந்து தனித் திரெட்டில் சாளரம் திறப்பது: எடை மேடை நிரல் ஒன்றை முன்வைத்து

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து எடை மேடை ஒன்றுக்காக நீங்கள் எழுதிவரும் சி ஷார்ப் நிரலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நிரல் கன்சோலில், அதாவது எழுத்து மட்டுமே தெரியும் கட்டளைத் திரையில், ஓடுகிறது. எடை காட்டும் கருவியான இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் என்ற கம்பி இணைப்பு வழியாக எடையைப் படிக்கிறது. மேடையில் இருப்பவர் லாரி எண்ணையும் சரக்கையும் அதிலேயே தட்டச்சு செய்கிறார். இப்போது அதே நிரலிலிருந்து இரண்டு சாளரங்கள் திறக்க வேண்டும். ஒன்று, ஓட்டுநர் பார்க்கும்படி வெளியே வைத்த இரண்டாவது மானிட்டரில் எடையைப் பெரிய எழுத்தில் தமிழிலும் மலையாளத்திலும் காட்ட வேண்டும். மற்றொன்று, கடைசியாகப் போட்ட சீட்டுகளை உள்ளே இருப்பவருக்குக் காட்ட வேண்டும். நிரல் தொடங்கும் மெயின் பகுதியிலேயே, சாளரத்தைக் காட்டும் ஷோ என்ற கட்டளையை அழைத்தால் சாளரம் வெள்ளையாக உறைந்துவிடுகிறது, தனித் திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் தனிச் செயலோட்டத்தில்) ஷோ அழைத்தால் மின்னி மறைந்துவிடுகிறது, விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற சாளரத் தொகுப்பிலிருந்து டபிள்யூபிஎஃப் என்ற மற்றொன்றுக்கு மாறினால் திரெட் எஸ்டிஏ-வாக இருக்க வேண்டும் என்ற பிழை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு திரெட் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எடையைக் கன்சோலிலேயே பெரிதாகக் காட்டினால் போதாதா என்று உங்களிடம் சிலர் கேட்கக்கூடும். போதாது. பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றி கோபாலபுரம் வழியாக வரும் ஓட்டுநர்களில் தமிழ் மட்டும் படிப்பவர்களும் மலையாளம் மட்டும் படிப்பவர்களும் உண்டு. விண்டோஸின் பழைய கன்சோலோ இந்த இரண்டு எழுத்துகளிலும் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்த்துக் காட்டுவதில்லை. விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐ எழுத்துருவில் இரண்டு மொழி எழுத்துகளும் இருக்கின்றன. சாளரத்தில் அதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். ஆகவே சாளரம் தேவைதான். அதைச் சரியாகத் திறப்பது எப்படி என்பதை மட்டும் பார்ப்போம்.

நீங்கள் கண்ட முதல் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றே. விண்டோஸில் ஒரு சாளரம் அதை உருவாக்கிய திரெட்டுக்கே சொந்தம். சுட்டி அசைந்தது, விசை அழுந்தியது, சாளரத்தின் இந்தப் பகுதியை மறுபடி வரைய வேண்டும் என்பன போன்ற எல்லாச் செய்திகளையும் விண்டோஸ் அந்தத் திரெட்டின் செய்தி வரிசையில்தான் போடுகிறது. அந்த வரிசையிலிருந்து ஒவ்வொரு செய்தியாக எடுத்து உரிய சாளரத்திடம் ஒப்படைக்கும் வேலையைச் செய்வது மெசேஜ் லூப். ஷோ என்ற அழைப்பு சாளரத்தை உருவாக்கித் திரையில் வைக்கிறதே தவிர, மெசேஜ் லூப்பைத் தொடங்குவதில்லை. உங்கள் மெயின் திரெட் ஷோவை அழைத்துவிட்டு, அடுத்த வரியில், தட்டச்சை வாங்கும் ரீட்லைனில் போய் லாரி எண்ணுக்காகக் காத்திருக்கிறது. செய்திகள் வரிசையில் குவிகின்றன, எடுப்பார் இல்லை. 5 விநாடிக்கு மேல் ஒரு திரெட் தன் வரிசையைத் தொடாமல் இருந்தால் விண்டோஸ் அந்தச் சாளரத்தைப் பதிலளிக்காதது என்று முடிவுகட்டி, தலைப்பிலும் அவ்வாறே எழுதிவிடுகிறது.

மின்னி மறைவதும் இதன் மறுபக்கமே. புதிய திரெட் ஷோவை அழைத்தது. அதன் பிறகு அதற்குச் செய்ய வேறு வேலை இல்லாததால் முடிந்துவிட்டது. ஒரு திரெட் முடியும்போது அது உருவாக்கிய சாளரங்களை விண்டோஸ் அழித்துவிடும். ஷோவுக்குப் பதில் ஷோடயலாக் போட்டால் சரியாகிவிடுகிறது என்று சிலர் சொல்வதற்கும் காரணம் இதுதான்: ஷோடயலாக் தனக்கென்று ஒரு மெசேஜ் லூப்பை ஓட்டிக்கொண்டு, சாளரம் மூடப்படும்வரை திரும்பாமல் அங்கேயே நிற்கிறது. அது வேலை செய்கிறது என்பது உண்மையானாலும், நிரல் முழுவதும் திறந்திருக்க வேண்டிய சாளரத்துக்கு அது உரிய வழியன்று. உரிய வழி, அந்தத் திரெட்டுக்குள் அப்ளிகேஷன்.ரன் என்ற அழைப்பைக் கடைசி வரியாக வைப்பது. டபிள்யூபிஎஃப் ஆனால் அந்த இடத்தில் டிஸ்பேச்சர்.ரன் வர வேண்டும். அதன் அப்ளிகேஷன் பொருளை ஒரு நிரலில் ஒருமுறைக்கு மேல் உருவாக்க முடியாது என்பதால் தனித் திரெட்டுகளில் டிஸ்பேச்சரையே நேரடியாக ஓட்டுவது வழக்கம்.

எஸ்டிஏ பிழை வேறு வகை. காம் என்ற பழைய பொருள் அமைப்பில் திரெட்டுகள் இரண்டு விதமான குடியிருப்புகளில் ஒன்றைச் சேர்ந்தவை: ஒரே திரெட் மட்டும் உள்ள எஸ்டிஏ, பல திரெட்டுகள் கலந்திருக்கும் எம்டிஏ. கிளிப்போர்டு, இழுத்துவிடுதல், கோப்புத் தேர்வுப் பெட்டி ஆகியவை எஸ்டிஏ-வை எதிர்பார்க்கின்றன. சி ஷார்ப் ஓடும் தளமான டாட் நெட்டில் வேறு ஏதும் சொல்லாமல் உருவாக்கிய திரெட் எம்டிஏ-வாகவே தொடங்கும். உங்கள் மெயினும் எஸ்டிஏதிரெட் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அப்படியே. டபிள்யூபிஎஃப் இதைச் சாளரம் உருவாகும் நொடியிலேயே சோதித்துப் பிழை எறிந்துவிடுகிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் சோதிப்பதில்லை. சாளரம் அழகாகத் திறக்கும், பல மாதம் கழித்து யாரோ சீட்டு எண்ணை நகலெடுக்க முயலும்போது நிரல் விழும். பிழையை உடனே காட்டிவிட்ட டபிள்யூபிஎஃப்-க்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. தீர்வு எளிது: திரெட் பொருளை உருவாக்கியவுடன், ஸ்டார்ட் அழைப்பதற்கு முன், செட்அபார்ட்மென்ட்ஸ்டேட் வழியாக எஸ்டிஏ என்று அமைத்துவிட வேண்டும். தொடங்கிய திரெட்டின் குடியிருப்பை மாற்ற முடியாது. இந்தக் காரணத்தாலேயே, ஒரு வேலையைப் பின்னணியில் ஓட்டும் டாஸ்க்.ரன் இங்கே பயன்படாது. அது தரும் திரெட் குளத்துத் திரெட்டுகள் எல்லாம் ஏற்கெனவே எம்டிஏ-வில் ஓடுபவை. மேலும், குறுகிய வேலைகளுக்காகப் பலரும் பகிர்ந்துகொள்ளும் குளத்திலிருந்து ஒரு திரெட்டை நாள் முழுவதும் பிடித்துவைத்துக்கொள்வது முறையும் அன்று.

ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு திரெட் வேண்டியதில்லை. ஒரே மெசேஜ் லூப் எத்தனை சாளரங்களுக்கும் செய்தி பிரித்துக் கொடுக்கும். தனித்தனித் திரெட்டில் வைத்தால் ஒரு சாளரம் மற்றொன்றைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் திரெட் தாண்டும் கவலை வந்து சேரும். பயன் ஏதும் இல்லை. ஒரு சாளரத்தின் வரைதல் மட்டுமே நொடிக்கணக்கில் நேரம் பிடிக்கும் அபூர்வமான நிரல்களுக்கு வேண்டுமானால் அதை யோசிக்கலாம். எடையைக் காட்டும் ஒரு லேபிளுக்கு அது தேவையில்லை.

ஆகவே உங்கள் நிரலின் அமைப்பு இப்படி வரட்டும். மெயின், விஷுவல் ஸ்டைல் போன்ற பொது அமைப்புகளை எந்தச் சாளரமும் உருவாகும் முன் செய்து முடித்துவிட்டு, சாளரத் திரெட்டை உருவாக்கி, எஸ்டிஏ ஆக்கி, பின்னணித் திரெட் என்றும் குறித்துத் தொடங்குகிறது. அந்தத் திரெட்டின் செயல்பாட்டுக்குள்தான் இரண்டு ஃபார்ம்களும் (சாளரப் பொருள்களும்) நியூ செய்யப்பட வேண்டும். மெயினில் ஃபார்மை உருவாக்கி உள்ளே அனுப்புவது விண்டோஸ் ஃபார்ம்ஸில் சில வேளை தப்பித்துக்கொள்ளும். ஏனென்றால் அங்கே சாளரத்தின் உண்மையான கைப்பிடி (விண்டோஸ் அதை அடையாளம் காணும் எண்) சாளரம் காட்டப்படும்போதுதான் உருவாகிறது. ஆனால் ஃபார்மை உருவாக்கும் பகுதியான கன்ஸ்ட்ரக்டரில் ஏதோ ஒரு வரி ஹேண்டில் என்ற பண்பைத் தொட்டுவிட்டால் கைப்பிடி மெயினிலேயே உருவாகி, பழைய உறைதல் திரும்பிவிடும். டபிள்யூபிஎஃப்-இல் தப்பவே முடியாது. அங்கே பொருள் பிறக்கும்போதே திரெட்டோடு கட்டப்பட்டுவிடுகிறது.

அப்ளிகேஷன்.ரன்னிடம் ஒரு ஃபார்மைக் கொடுத்தால், அந்த ஃபார்ம் மூடப்பட்டதும் லூப் நின்று, திரெட் முடிந்து, மற்றச் சாளரமும் போய்விடும். அதைத் தவிர்க்க அப்ளிகேஷன்கான்டெக்ஸ்ட் என்ற பொருளைக் கொடுங்கள். அதன் எக்ஸிட்திரெட் அழைக்கப்படும்வரை, சாளரங்கள் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் லூப் ஓடிக்கொண்டிருக்கும். பயனர் பெருக்கல் குறியை அழுத்தி மூடிய ஃபார்ம் அழிக்கப்பட்டுவிடும் என்பதால் அதையே மறுபடி ஷோ செய்ய முடியாது. சீட்டுச் சாளரத்தை அடிக்கடி மூடித் திறப்பார்கள் என்றால், ஃபார்ம்குளோசிங் நிகழ்வில் மூடச் சொன்னது பயனர்தானா என்று பார்த்து, ஆம் எனில் மூடுவதை ரத்து செய்து ஹைட் மட்டும் செய்யுங்கள். ஓட்டுநர் பக்கத்துச் சாளரத்துக்கு ஓரச் சட்டமே வேண்டாம். ஸ்கிரீன் வகுப்பு தரும் திரைகளின் பட்டியலிலிருந்து இரண்டாவது மானிட்டரின் எல்லைகளை எடுத்து அதற்குப் பொருத்திவிடலாம்.

இனி, எடை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது. இங்கேதான் நல்ல நிரலும் மோசமான நிரலும் பிரிகின்றன.

தரவு வந்ததை அறிவிக்கும், சீரியல்போர்ட் வகுப்பின் டேட்டாரிசீவ்ட் நிகழ்வு மெயினிலும் வராது, உங்கள் சாளரத் திரெட்டிலும் வராது. அது மூன்றாவதாக ஒரு திரெட்டில் வருகிறது. அங்கிருந்து லேபிளின் டெக்ஸ்ட்டை நேராக மாற்றினால், திரெட் தாண்டிய செயல் என்ற பிழை வரும். கவனிக்க வேண்டியது, இந்தச் சோதனை இயல்பாக, பிழை தேடும் கருவியான டீபக்கர் இணைந்திருக்கும்போது மட்டும் நடக்கிறது என்பது. உங்கள் மேசையில் பிழை காட்டிய அதே நிரல் எடை மேடையில் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்து, அங்கே சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. செக்ஃபார்இல்லீகல்கிராஸ்திரெட்கால்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கும் வழியையும் சிலர் சொல்வார்கள். அது சோதனையை அணைக்கிறது, தவறு அங்கேயே இருக்கிறது.

முறையான வழி, சாளரத் திரெட்டின் வரிசையில் வேலையைப் போட்டுவிட்டு வருவது. இன்வோக் வேலையைப் போட்டு, அது முடியும்வரை காத்திருக்கும். பிகின்இன்வோக் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். உங்கள் நிரலில் இன்வோக்கை முற்றிலும் தவிர்க்கும்படி சொல்வேன். காரணம், சீரியல் போர்ட்டில் பலரைச் சிக்கவைத்த ஒரு பூட்டு. சாளரத் திரெட்டில் ஒரு பொத்தானை அழுத்தி போர்ட்டை மூட முற்படுகிறீர்கள். போர்ட்டின் குளோஸ், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாரிசீவ்ட் முடியட்டும் என்று காத்திருக்கிறது. அந்த டேட்டாரிசீவ்ட்டோ இன்வோக்கில் நின்று சாளரத் திரெட் தன் வேலையை எடுக்கட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டும் நகராது. பிகின்இன்வோக் ஆனால் இந்த வளையம் உருவாவதில்லை. மெயின் திரெட் சாளரத் திரெட்டின் முடிவுக்காக ஜாயினில் நிற்கும்போதும் இதே சிக்கல் வேறு உருவில் வரலாம்: மெயினில் மெசேஜ் லூப் கிடையாது, எனவே சாளரத் திரெட் மெயினிடம் ஏதாவது கேட்டுக் காத்திருக்கும்படி ஒருபோதும் எழுதாதீர்கள்.

ஆனால் ஒவ்வொரு எடை வாசிப்புக்கும் ஒரு பிகின்இன்வோக் என்பதும் நல்லதன்று. இண்டிகேட்டர் நொடிக்குப் பலமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். லாரி மேடையேறும்போது எண்கள் தொடர்ந்து மாறும். சாளரத் திரெட் சற்றுத் தாமதித்தால் பழைய எடைகள் வரிசையில் நின்று, ஓட்டுநருக்கு ஏற்கெனவே கடந்துபோன எடை தெரியும். ஒரு திரெட்டின் வரிசையில் இடப்படும் செய்திகளுக்கு விண்டோஸ் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 10,000; அதை எட்டுமுன்பே பயன்பாட்டில் தடுமாற்றம் தெரிந்துவிடும். எடையைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியது கடைசி மதிப்பு மட்டுமே. ஆகையால் டேட்டாரிசீவ்ட், கிலோவில் முழு எண்ணாக எடையை ஒரு வாலடைல் மாறியில் (மற்றத் திரெட்டுகளுக்கும் புதிய மதிப்பு தெரியும்படி குறித்த மாறியில்) எழுதிவிட்டுப் போகட்டும். சாளரத் திரெட்டில் உருவாக்கிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் டைமர் ஒன்று 150 அல்லது 200 மில்லிநொடிக்கு ஒருமுறை அந்த மாறியைப் படித்து, மாறியிருந்தால் மட்டும் லேபிளைப் புதுப்பிக்கட்டும். எடையோடு, அது நிலைபெற்றதா என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டுமென்றால், இரண்டையும் இரு மாறிகளில் தனித்தனியாக எழுதாதீர்கள். ஒன்று புதியதும் மற்றது பழையதுமாகப் படிக்கப்படும் வாய்ப்பு உண்டு, நிலைபெறாத எடை நிலைபெற்றதாகக் காட்டப்பட்டால் மேடையில் சண்டை வரும். இரண்டையும் மாற்றவியலாத ஒரு சிறு பொருளுக்குள் வைத்து, அந்தப் பொருளைக் குறிக்கும் ரெஃபரன்ஸை மட்டும் மாற்றி வையுங்கள். ரெஃபரன்ஸை எழுதுவது பிளவுபடாத செயல்.

சீட்டுகள் அப்படியல்ல. ஒரு சீட்டும் விடுபடக் கூடாது, வரிசையும் மாறக் கூடாது. அங்கே மெயின் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பிகின்இன்வோக் செய்வதே பொருத்தம். ஒரு மணி நேரத்தில் வரும் லாரிகளின் எண்ணிக்கைக்கு அது ஒரு சுமையே இல்லை. எது கடைசி மதிப்பு மட்டும் போதுமான தகவல், எது ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய தகவல் என்று முதலில் பிரித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாகவே வரும்.

தொடக்கத்தில் ஒரு சிறு காத்திருப்பு தேவை. திரெட்டைத் தொடங்கியதும் சாளரம் உருவாகிவிட்டது என்று பொருளல்ல. கைப்பிடி உருவாகும் முன் பிகின்இன்வோக் செய்தால் பிழை எறியப்படும். மேனுவல்ரீசெட்ஈவென்ட்ஸ்லிம் என்ற சைகைப் பொருள் ஒன்றை வைத்து, சாளரத் திரெட் இரு ஃபார்ம்களின் கைப்பிடிகளும் உருவானபின் அதை செட் செய்யட்டும், மெயின் அதுவரை வெயிட்டில் நிற்கட்டும். திரெட்.ஸ்லீப் போட்டு ஒரு விநாடி பொறுப்பது உங்கள் கணினியில் போதும், மேடையிலுள்ள பழைய கணினியில் காலை முதல் தொடக்கத்தில் போதாது. கைப்பிடி உருவான பிறகு லூப் இன்னும் தொடங்காவிட்டாலும் கவலையில்லை. இடப்பட்ட செய்திகள் வரிசையில் காத்திருந்து லூப் தொடங்கியதும் எடுக்கப்படும்.

முடிவுக்கும் ஒழுங்கு வேண்டும். மேடைக்காரர் கன்சோலில் வெளியேறச் சொன்னதும், மெயின் முதலில் போர்ட்டை மூடட்டும், பிறகு பிகின்இன்வோக் வழியாகக் கான்டெக்ஸ்டின் எக்ஸிட்திரெட்டை அழைக்கட்டும், அதன்பின் ஜாயின் செய்யட்டும். பின்னணித் திரெட் என்று குறித்திருப்பதால், இந்த ஒழுங்கு ஏதோ காரணத்தால் தவறினாலும் மெயின் முடிந்ததும் நிரல் முடிந்துவிடும்; குறிக்காமல் விட்டால் கன்சோல் பக்க வேலை முடிந்த பிறகும் நிரல் நினைவகத்தில் தங்கி, சீரியல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை திறக்கும்போது போர்ட் வேறொருவரிடம் இருக்கிறது என்று சொல்லும். கன்சோலின் பெருக்கல் குறியை அழுத்தினால் முழு நிரலும் சாளரங்களோடு சேர்ந்து போய்விடும் என்பதையும் மேடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

கன்சோலும் சாளரமும் சேர்ந்து வாழும் நிரல்களுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 10-இல் கன்சோலின் உள்ளே சுட்டியால் ஒரு சொடுக்கு சொடுக்கினால் அது எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் போய், என்டர் அல்லது எஸ்கேப் அழுத்தும்வரை வெளியீட்டை நிறுத்திவைக்கும். அந்த நேரத்தில் ரைட்லைன் செய்யும், அதாவது கன்சோலில் ஒரு வரி எழுதும், எந்தத் திரெட்டும் அங்கேயே நிற்கும். சாளரத் திரெட்டின் நிகழ்வுகளுக்குள் சோதனைக்காக நீங்கள் போட்டுவைத்த ஒரு ரைட்லைன் இருந்தால், மேடைக்காரரின் கை தவறிய ஒரு சொடுக்கில் ஓட்டுநர் பக்கத் திரை உறைந்துவிடும். காரணம் யாருக்கும் பிடிபடாது. சாளரத் திரெட்டிலிருந்து கன்சோலில் எதையும் எழுதாதீர்கள், குறிப்பு வேண்டுமென்றால் கோப்பில் எழுதுங்கள். அதே கோப்பில் சாளரத் திரெட்டின் பிழைகளும் போகட்டும்: அப்ளிகேஷன்.திரெட்எக்செப்ஷன் என்ற நிகழ்வு திரெட்டுக்குத் திரெட் தனி என்பதால், அதை மெயினில் இல்லாமல் சாளரத் திரெட்டுக்குள்ளேயே இணைக்க வேண்டும். இல்லையேல் ஒருநாள் ஆங்கிலப் பிழைப்பெட்டி ஒன்று எடை தெரிய வேண்டிய இடத்தில் வந்து நிற்கும்.

இவ்வளவும் விண்டோஸுக்கானது. பிற்காலத்தில் இதே நிரலை மேக்கிலும் ஓடும்படி வேறொரு சாளரக் கருவித்தொகுப்பில் எழுத எண்ணினால், அமைப்பைத் தலைகீழாக்க வேண்டும். மேக் இயங்குதளம் சாளரங்களை முதன்மைத் திரெட்டில் மட்டுமே அனுமதிக்கிறது; பல இயங்குதளங்களில் ஓடும் க்யூட்டி என்ற சாளரத் தொகுப்பும் தன் சாளரப் பொருள்களை முதன்மைத் திரெட்டில்தான் வைக்கச் சொல்கிறது. அங்கே மெயின் மெசேஜ் லூப்பை ஓட்டும், கன்சோலில் தட்டச்சு வாங்கும் வேலை பின்னணித் திரெட்டுக்குப் போகும். விண்டோஸிலும் இந்தத் தலைகீழ் அமைப்பு எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். புதிதாக எழுதுவதாக இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே மெயினில் எழுதி முடித்த தட்டச்சுப் பகுதியைப் பிய்த்து எடுக்கும் அளவுக்கு அதில் இலாபம் இல்லை.

நிரலைக் கணினி தொடங்கியதும் தானாக ஓடச் செய்யப் போவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதைப் பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸாக நிறுவாதீர்கள். டாஸ்க் ஷெட்யூலரில் பயனர் உள்நுழையாவிட்டாலும் ஓடட்டும் என்ற தேர்வையும் வைக்காதீர்கள். விண்டோஸ் விஸ்டா முதல் சர்வீஸ்கள் பயனரின் மேசைத்திரையிலிருந்து பிரிக்கப்பட்ட தனி அமர்வில் ஓடுகின்றன. அங்கே மேலே சொன்ன எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்தாலும் சாளரம் எந்த மானிட்டரிலும் தெரியாது. பயனர் உள்நுழைந்ததும் ஓடும்படி ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு குறுக்குவழியை வைத்தால் போதும்.